வேலி ஏன் நரைக்கிறது?

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் வழியில் திருப்பாலைவனம் இருக்கிறது. பாலைவனம் என்றதும் மணல்வெளியை எண்ணிவிடாதீர்கள். பாலை மரங்கள் நிறைந்த வனம் என்றே பொருள் சொல்வார்கள். ஊரைத் தாண்டியதும் ஏரிக்காற்று உப்பாக முகத்தில் வந்து படும். அங்கிருந்து ஏரிக்கரை வரை உள்ள மீனவர் குப்பங்களில், வீட்டுத் தோட்டங்களைச் சுற்றியுள்ள வேலிகளைச் சற்று நின்று கவனியுங்கள். சவுக்குக் கம்பு, பனை மட்டை, உடைத்த படகின் பலகை என்று கையில் கிடைத்ததைக் கொண்டு கட்டியவை. கட்டிய அன்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். இரண்டு ஆண்டுகள் கழிந்தபின் பார்த்தால் எல்லாம் ஒரே நிறம், சாம்பல்.

அங்கே எனக்கு நண்பர் ஒருவர் இருக்கிறார். மீன் வியாபாரம் செய்பவர். தம் தோட்ட வேலி முழுவதும் நரைத்துப்போனதைக் கண்டு, "மரம் செத்துப்போச்சு சார், பிடுங்கிவிட்டுப் புதுசா போடணும்" என்றார். மழையில் உளுத்திருக்கும் என்று நானும் தலையாட்டிவிட்டேன். இயற்பியல் ஆசிரியன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்! பக்கத்தில் படகு வேலை பார்த்துக்கொண்டிருந்த முதிய ஆசாரியார் ஒன்றும் பேசவில்லை. உளியை எடுத்து, நரைத்த பலகை ஒன்றின் மேல் ஒரே ஒரு முறை இழுத்தார். காகிதம்போல் ஒரு சீவல் சுருண்டு விழுந்தது. அடியில் புதுமரத்தின் செம்பழுப்பு நிறம்! "தோல்தான் சார் நரைச்சிருக்கு. ஆள் நல்லாத்தான் இருக்கான்" என்றார்.

அந்த ஒரு சீவலுக்குள் இருநூறு ஆண்டு விஞ்ஞான வரலாறு அடங்கியிருக்கிறது என்பதைப் பிறகு நூல்களைப் புரட்டியபோதுதான் அறிந்துகொண்டேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வெயிலின் வேலை

வெளியில் கிடக்கும் மரம் நிறம் மாறுவதை மனிதன் ஆதிகாலம் முதலே பார்த்து வந்திருக்கிறான். ஆனால் இது ஒரு வேதியியல் மாற்றம் என்று முதன்முதலில் எழுதியவர்களுள் ஒருவர் ஸ்வீடன் நாட்டு வேதியியலறிஞர் பெர்சீலியஸ். ஆண்டு 1827. தனிமங்களுக்கு நாம் இன்று எழுதும் எழுத்துக் குறியீடுகளைத் தந்தாரே, அதே பெர்சீலியஸ்தான். அவருக்குப்பின் 1864இல் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியலறிஞர் ஜூலியஸ் வீஸ்னர், நரைத்த மரத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். மரத்தின் நார்களுக்கு இடையே இருந்த ஏதோ ஒரு பொருள் காணாமற்போயிருக்கிறது, எஞ்சி நிற்பது ஏறக்குறைய தூய செல்லுலோஸ்தான் என்று அவர் கண்டார்.

காணாமற்போன பொருள் எது? அதன் பெயர் லிக்னின். மரத்தைக் காரை பூசிய சுவரோடு ஒப்பிடலாம். செல்லுலோஸ் நார்கள் செங்கற்கள். அவற்றைப் பிணைக்கும் காரை லிக்னின். மரத்தின் எடையில் சுமார் நான்கில் ஒரு பங்கு இது. பயனுள்ள பொருள்தான், ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களை இது ஆவலோடு உறிஞ்சிக்கொள்ளும். மரம் உறிஞ்சும் புற ஊதாக் கதிரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் லிக்னினையே சேர்கிறது.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டரில் எடுத்துக்கொண்டு, 1240ஐ அதனால் வகுத்தால் ஒரு ஒளித்துகளின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். சிவப்பு ஒளி 700 நானோமீட்டர். ஆற்றல் சுமார் 1.8. தரையை எட்டும் புற ஊதாக் கதிரில் 300 நானோமீட்டர் கதிரை எடுத்துக்கொண்டால் சுமார் 4.1. இரு கார்பன் அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பை அறுக்க ஏறத்தாழ 3.6 வேண்டும். ஆகவே, சிவப்பு ஒளி நாள் முழுதும் காய்ந்தாலும் செய்ய முடியாததைப் புற ஊதாக் கதிரின் ஒரே துகள் செய்துவிடக்கூடும். உண்மையில் நடப்பது இன்னும் சற்றுச் சிக்கலானது. கதிரை உறிஞ்சிய லிக்னினில் தனி எலக்ட்ரானோடு நிற்கும் துடிப்பான துணுக்குகள் பிறக்கின்றன. அவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அக்கம்பக்கத்துப் பிணைப்புகளையும் அறுத்துக்கொண்டே போகின்றன. சிதைந்த லிக்னின் முதலில் மஞ்சளாகவும் பழுப்பாகவும் தெரியும். புதுப் பலகை சில வாரங்களில் பழுப்பேறுவது இதனால்தான்.

அடுத்து மழை வருகிறது. சிதைந்த லிக்னின் துணுக்குகள் நீரில் கரையும். வடகிழக்குப் பருவமழை அவற்றைக் கழுவிக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது வெளிறிய செல்லுலோஸ் நார். அதுமட்டும் இருந்தால் வேலி வெள்ளியைப்போல் மின்னும். மழை குறைந்த இடங்களில் அப்படி மின்னுவதும் உண்டு. பழவேற்காட்டு ஈரக்காற்றில் அது நடப்பதில்லை. கருநிறப் பூஞ்சணங்கள் அந்த மேற்பரப்பில் குடியேறிவிடுகின்றன. அவற்றுள் முதன்மையானது ஆரியோபசிடியம் என்ற வகை. வெயில் உடைத்துப் போட்ட லிக்னின் துணுக்குகளையும் மரத்தின் சர்க்கரையையும் உண்டு வாழ்வது. இதன் கரும்புள்ளிகளும் வெளிறிய நாரும் கலந்துதான் அந்தச் சாம்பல் நிறம். இது மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணம் அன்று என்பதை நினைவில் வையுங்கள்.

இத்தனையும் எவ்வளவு ஆழத்துக்கு? புற ஊதாக் கதிர் மரத்துக்குள் நுழைவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளி அதைவிடச் சற்று ஆழம் போகும், அவ்வளவே. 1910இல் அமெரிக்காவின் மேடிசன் நகரில் தொடங்கப்பட்ட காட்டுப்பொருள் ஆய்வுக்கூடத்தார் பலகைகளை ஆண்டுக்கணக்கில் வெயிலில் நிறுத்தி அளந்திருக்கிறார்கள். பைன் போன்ற மென்மரம் நூறு ஆண்டுகளில் தேய்வது 5 அல்லது 6 மில்லிமீட்டர்; வன்மரம் அதைவிடக் குறைவு. நம் கடற்கரையில் வெயிலும் அதிகம், மணலை வாரி வீசும் காற்றும் அதிகம். ஆகவே அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்த முடியாது. அதை இரு மடங்காகவே எடுத்துக்கொண்டாலும், ஓர் அங்குலப் பலகை வெயிலால் மட்டும் தீர்ந்துபோக இரண்டு தலைமுறைக்கு மேல் ஆகும். ஆசாரியாரின் உளி சொன்னதும் இதைத்தான்.

ஆணியைச் சுற்றிய கறை

நரையோடு இன்னொரு நிறமும் வேலியில் தெரியும். ஆணி அடித்த இடங்களிலிருந்து கறுப்புக் கண்ணீர் வழிந்ததுபோல் கோடுகள். இது துரு என்று பலரும் நினைக்கிறார்கள். துரு செம்மை நிறம் அல்லவா? கறுப்பு எங்கிருந்து வந்தது?

பழவேற்காட்டாருக்கு இந்த வேதியியல் புதியதல்ல. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது துணி வாணிகத்துக்காக. இக்கரையில் நெய்து சாயமேற்றிய துணிகள் இங்கிருந்து கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறின. இன்றும் மலாய் நாட்டில் கட்டம்போட்ட கைலிக்கு 'பெலிக்கட்' என்று பெயர். நம் ஊரின் பெயர்தான் அது. சோழமண்டலக் கரையின் ஓவியத் துணிகளில் கறுப்புக் கோடு எப்படி வரைந்தார்கள்? துணியைக் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து உலர்த்தி, அதன்மேல் இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரால் எழுதுவார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்த கணமே கருமை பிறக்கும். ஐரோப்பியர் பல நூற்றாண்டு பயன்படுத்திய எழுதுமையும் இதே சேர்க்கைதான். சவுக்கிலும் மற்ற மரங்களிலும் அந்தத் துவர்ப்புப் பொருள் இருக்கிறது. ஆணி இரும்பைத் தருகிறது. உப்புக்காற்று ஈரத்தையும் அவசரத்தையும் தருகிறது. வேலியில் ஓடுவது ஓவியத் துணியின் அதே கறுப்பு மை!

இந்தக் கறையை ஆக்சாலிக் அமிலக் கரைசல் போக்கிவிடும். ஆனால் அது நஞ்சு. கையுறையோடு தடவி, நிறைய நீர்விட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகளை அண்டவிடக் கூடாது. இக்கரையின் பழைய மசூலாப் படகுகளில் ஆணியே கிடையாது, கயிற்றால் தைத்தவை. கட்டுமரம் என்பதற்குப் பெயரிலேயே கட்டு இருக்கிறது. அலையில் வளைந்து கொடுக்கவே அப்படிச் செய்தார்கள் என்பது பெரும்பாலோர் சொல்லும் காரணம். இரும்பின் தொல்லை இல்லாமற்போனது கூடுதல் லாபம்.

நான் செய்த தவறு

நரைக்காமல் தடுக்க வழியுண்டா என்றால், உண்டு. முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டு மரக்கதவு அழகாக இருக்க வேண்டும் என்று கண்ணாடிபோன்ற வார்னிஷ் வாங்கிப் பூசினேன். ஓராண்டுக்குள் அது மீன்செதிள்போல் உரிந்து விழுந்தது. சரக்கு மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். சரக்கில் குற்றமில்லை, குற்றம் என் இயற்பியலில். வார்னிஷ் ஒளி ஊடுருவும் பொருள். வெயில் அதன் வழியே சென்று அடியிலுள்ள லிக்னினைச் சிதைக்கிறது. காலூன்றிய தரையே போய்விட்டால் மேலே இருக்கும் படலம் எப்படி நிற்கும்?

ஒளியை மறிக்க நிறமி வேண்டும். இதை அனுபவத்தால் கண்டவர்கள் ஸ்வீடன் நாட்டினர். பாலூன் என்னும் ஊரின் செம்புச் சுரங்கக் கழிவிலிருந்து கிடைத்த செங்காவியைத் தானிய மாவிலும் நீரிலும் காய்ச்சித் தங்கள் மரவீடுகளுக்குப் பூசினார்கள். அந்த நாட்டுக் கிராமங்கள் இன்றும் சிவப்பாக இருப்பது அதனால்தான். காவி என்பது இரும்பின் ஆக்சைடு; புற ஊதாக் கதிரை விழுங்கிக்கொண்டு தான் மாறாமல் இருக்கும். நம் கோயில் மதில்களில் பட்டை பட்டையாக நிற்பதும் அதே பொருள்தான்.

மீனவர்கள் படகுக்குப் பூசும் மீனெண்ணெயும் அறிவுடைய வழியே. அந்த எண்ணெயில் நிறைவுறாத கொழுப்புகள் மிகுதி. அவை காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகும். ஆளிவிதை எண்ணெய் காய்வதுபோல. இது நீரைத் தடுக்கும், வெயிலை அவ்வளவாகத் தடுக்காது. சற்றுக் காவி கலந்தால் இரண்டும் ஆகும். ஓடித் தீர்ந்த எஞ்சின் எண்ணெயை வாங்கிப் பூசுகிறவர்களையும் பார்க்கிறேன். அது காய்வதே இல்லை. அதிலுள்ள உலோகக் கசடு மழையோடு தோட்ட மண்ணில் இறங்குகிறது. கீரை விளையும் இடத்தில் அது வேண்டாம்.

உண்மையான பகைவன்

வேலிக்கம்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அடியில் அசைந்தால், தரைமட்டத்தில் சற்றுத் தோண்டி ஓர் ஆணியால் குத்துங்கள். ஆணி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அதுதான் உளுப்பு. காற்றும் ஈரமும் சேரும் இடம் அது. மரத்தின் ஈரம் எப்போதும் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருந்தால் உளுப்புப் பூஞ்சணம் வளராது; தரையைத் தொடும் கம்பில் அந்த நிலை எங்கே? அங்கே கறையானும் வந்து சேரும். ஏரி நீருக்குள் நட்ட கம்பாக இருந்தால் மரத்தைக் குடையும் கப்பற்புழு. இந்தப் புழுவின் வல்லமையைக் கெல்டிரியாவைக் கட்டிய அதே டச்சுக்காரர்கள் தங்கள் சொந்த நாட்டில் கண்டு நடுங்கினார்கள். 1731இல் அவர்களுடைய கடல் அணைகளின் மரக்காப்புகளை இது சல்லடையாக்கிவிட்டது. நாட்டையே கடல் கொண்டுவிடும் என்ற அச்சத்தில் மரத்தை விட்டுக் கல்லுக்கு மாறினார்கள்.

மரத்தை நஞ்சூட்டிக் காக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேகம் கொண்டது. இங்கிலாந்தில் 1832இல் கியான் என்பவர் பாதரசக் குளோரைடில் மரத்தை ஊறவைக்கும் முறைக்கு உரிமை பெற்றார். 1838இல் ஜான் பெத்தெல், மூடிய உருளையில் மரத்தை அடுக்கி, நிலக்கரித் தாரெண்ணெயை அழுத்தத்தால் உள்ளே செலுத்தினார். உலகெங்கும் ரயில் தண்டவாளக் கட்டைகள் இம்முறையால்தான் பிழைத்தன. தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து 1856இல் புறப்பட்டது. தண்டவாளம் நீள நீள, கட்டைகளைக் கறையானிடமிருந்து காப்பது பெருங்கவலை ஆயிற்று. 1906இல் டேராடூனில் காட்டு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டபோது மரப்பாதுகாப்பு அதன் முக்கியப் பணிகளுள் ஒன்றாயிற்று.

இங்கேதான் நம் கதையின் நாயகர் வருகிறார். அவர் சொண்டி காமேசம். டேராடூன் நிலையத்தில் பணியாற்றிய இந்திய விஞ்ஞானி. நம் பாடநூல்களில் அவர் பெயரை நான் கண்டதில்லை. ஆனால் உலகின் பல கண்டங்களில் வேலிகளும் தந்திக் கம்பங்களும் அவர் கண்ட கலவையால் நின்றன. அவர் காலத்துச் சிக்கல் என்ன? செம்பு உப்பு பூஞ்சணத்தைக் கொல்லும். ஆர்சனிக் பூச்சிகளைக் கொல்லும். இரண்டும் நீரில் கரையும். கரைவதால்தான் மரத்துக்குள் எளிதாகச் செல்லும். கரைவதால்தான் முதல் மழையிலேயே வெளியேறியும் விடும்! உள்ளே போனபின் கரையாத பொருளாக மாற வேண்டும். இந்த மாயத்தை எது செய்யும்?

காமேசம் கண்ட விடை டைக்குரோமேட். 1933இல் அவர் அமைத்த கலவையில் ஆர்சனிக் பென்டாக்சைடு ஒரு பங்கு, மயில்துத்தம் மூன்று பங்கு, டைக்குரோமேட் நான்கு பங்கு. மரத்துக்குள் சென்றதும் குரோமியம் மரத்தின் பொருள்களோடு வினைபுரிந்து நிலை மாறுகிறது. மாறும்போது செம்பையும் ஆர்சனிக்கையும் கரையாத சேர்மங்களாக மரத்தோடு பிணைத்துவிடுகிறது. ஆர்சனிக்கின் குறியீட்டையும் செம்பின் குறியீட்டையும் சேர்த்து இதற்கு 'ஆஸ்கு' என்று பெயர் வைத்தார்கள். பெர்சீலியஸ் தந்த குறியீடுகள் இங்கேயும் பயன்பட்டன பாருங்கள். இன்னொரு நன்மை எதிர்பாராமல் கிடைத்தது. குரோமியம் லிக்னினோடும் சேர்ந்துகொள்வதால் வெயிலில் நரைப்பதும் தாமதமாயிற்று. வேலியின் இரு நோய்களுக்கும் ஒரே மருந்து!

அமெரிக்காவில் 1938இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அந்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் நின்ற வெளிர்பச்சை வேலிகளும் திண்ணைகளும் குழந்தைகளின் ஊஞ்சல் சட்டங்களும் பெரும்பாலும் இக்கலவையின் வழிவந்தவைகளால் காக்கப்பட்டவை. வெறும் பைன் கம்பு சில ஆண்டுகளில் உளுத்துவிடும் மண்ணில், இவை பல பத்தாண்டுகள் நின்றன.

பிறகு கணக்கு வந்தது. ஆர்சனிக் எங்கும் போய்விடவில்லை, மரத்துக்குள்ளேயே அல்லவா இருக்கிறது? 1984இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. விஸ்கான்சின் மாநிலத்துக் கிராமத்தில் எட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பம். குளிர்காலம் தோறும் அவர்களுக்கு உடல்நலம் கெடும். தோலில் தடிப்பு, முடி உதிர்தல், வலிப்பு. கோடையில் சரியாகிவிடும். காரணம் பல ஆண்டுகள் பிடிபடவில்லை. கடைசியில் அடுப்பைப் பார்த்தார்கள். குளிர்காய அவர்கள் எரித்தது இந்தக் கலவை ஏற்றிய மரத்துண்டுகள். புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக். மண்ணில் மெல்லக் கசிவதும், தொட்டு விளையாடும் குழந்தைகளின் கையில் ஒட்டுவதும் பின்னர் அளக்கப்பட்டன. 2003ஆம் ஆண்டு இறுதியோடு அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு இக்கலவையை ஏற்றுவது நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய நாடுகளும் 2004இல் கட்டுப்படுத்தின. தொழிற்சாலை, மின்கம்பம் போன்றவற்றுக்கு இன்றும் இது பயன்படுகிறது. வீடுகளுக்கு ஆர்சனிக் இல்லாத செம்புக் கலவைகள் வந்துவிட்டன; அவற்றில் குரோமியமும் இல்லாததால் அந்த வேலிகள் சீக்கிரம் நரைக்கின்றன!

காமேசத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கறையான் தின்னும் கட்டைகளைக் காக்கச் சொன்னார்கள், காத்துக் காட்டினார். காத்த மரம் ஒருநாள் ஏதோ ஒரு வீட்டு அடுப்புக்குப் போகும் என்பதை அன்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நம் குப்பங்களில் அது பெரிய கணக்கு. பழைய மரம் எதுவும் இங்கே வீணாவதில்லை. படகுப் பலகை வேலியாகும், வேலி விறகாகும், விறகின் சாம்பல் பாத்திரம் துலக்கவும் கீரைப் பாத்திக்கும் போகும். சவுக்கும் பனையும் எரிந்தால் தீங்கில்லை. பழைய கம்பம், இறக்குமதிப் பெட்டி, தொழிற்சாலைக் கழிவுமரம் என்று எங்கிருந்தோ வந்த துண்டுகளில் பச்சைச் சாயல் தெரிந்தால் அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சாயல் நரைக்கு அடியில் மறைந்திருக்கவும் கூடும். ஆசாரியார் செய்ததுபோல் ஒரு சீவல் எடுத்துப் பாருங்கள். சீவல் எடுத்தும் தெளிவாகவில்லை என்றால், வந்த இடம் தெரியாத மரத்தை எரிக்காமல் விடுவதே மேல்.

நண்பர் வேலியைப் பிடுங்கவில்லை. நாங்கள் மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆணியும் கையுமாக ஒவ்வொரு கம்பாகக் குத்திப் பார்த்தோம். நாற்பத்தொரு கம்பில் அடி உளுத்தவை ஆறு. அவற்றை மட்டும் மாற்றி, பலகைகளின் கீழ்முனை மண்ணைத் தொடாமல் நான்கு விரற்கடை உயர்த்தி அடித்தார் ஆசாரியார். பலகையின் மேல்முனையையும் சரிவாகச் சீவி விட்டார், மழைநீர் நிற்காமல் வழிவதற்கு. காவி கலந்து தரட்டுமா என்று நண்பரிடம் கேட்டேன். "வேணாம் சார், இந்த நிறமே இருக்கட்டும்" என்றார். வேலி இன்னும் நரைத்த மேனியோடுதான் நிற்கிறது. புதிய கம்புகள் ஆறும் மட்டும் இப்போதைக்குப் பழுப்பு.